அது தானாகத்தான் இறங்கியது

பாப்பா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டதையும், புடவை விஷயத்தில் அம்மா எடுப்பதே போதும் என்பதையும் எழுதியிருந்தாய். அதற்கெல்லாம் அம்மா அன்றே பதில் போட்டுவிட்டாள். கடைசிப் பக்கத்தில் கோவிந்தன் மாமாவைப் பற்றி நீ எழுதியிருந்ததற்கு மட்டும் பதில் போடாமல் எனக்கு விட்டுவைத்தாள். தாய்மாமன் இல்லாமல் மணவறையில் உட்கார உனக்கும் மனமில்லை. ஆனால் மாமா தன் தப்பை ஒத்துக்கொண்டு அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும், சொன்னால் நானே போய்க் கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நியாயமாகத்தான் எழுதியிருக்கிறாய். அந்த நியாயத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதனால்தான் அந்த வரியைப் படித்த பிறகு உன் அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாமா ஒத்துக்கொள்ள ஒரு தப்பும் இல்லை, பாப்பா. அவன் கால் போனது என்னால். இதை ஒரே வரியில் சொல்லிவிட்டேன், ஆனால் நீ அதை நம்ப மாட்டாய். அப்பா குற்ற உணர்ச்சியில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைப்பாய். அதனால் டிராக்டரின் லிப்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் உனக்குப் புரியவைக்க வேண்டும். அது புரிந்தால்தான் உன் மாமா சொன்னது எவ்வளவு உண்மை என்பதும், நான் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்பதும் தெரியும்.

டிராக்டரின் பின்பக்கம் இரண்டு இரும்புக் கைகள் இருக்கும். கலப்பையோ புல்வெட்டியோ, எதுவானாலும் அந்தக் கைகளில்தான் மாட்டுவார்கள். முன்காலத்து டிராக்டர் இழுக்கும், அவ்வளவுதான். தூக்க வேண்டுமென்றால் ஆள் இறங்கித் தூக்க வேண்டும். சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன பிறகு வந்த சாம்பல் நிற டிராக்டர்களில்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சின்னக் கைப்பிடியை விரலால் நகர்த்தி அஞ்சாறு மூட்டை கனத்தைத் தூக்கலாம். அந்தப் பலம் எண்ணெயிலிருந்து வருகிறது. காற்றை அழுத்தினால் சுருங்கிக் கொடுக்கும். எண்ணெய் சுருங்காது, தனக்குக் கிடைத்த வழியில் தள்ளிக்கொண்டு போகும். டிராக்டரின் வயிற்றுக்குள், கியரெல்லாம் மூழ்கிக் கிடக்கிற அதே எண்ணெயில், ஒரு சின்ன பம்பு உட்கார்ந்திருக்கிறது. என்ஜின் ஓடினால் அது எண்ணெயை உறிஞ்சி சீட்டுக்கு அடியிலுள்ள சிலிண்டருக்குள் தள்ளும். சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன். எண்ணெய் தள்ளத் தள்ள பிஸ்டன் நகரும், அது ஓர் அச்சைத் திருப்பும், அச்சில் மாட்டிய கைகள் மேலே எழும்பும். கைப்பிடியைக் கீழே வைத்தால் எண்ணெய் வெளியேறுகிற வழி திறந்து கைகள் இறங்கும். நடுவில் நிறுத்தினால் எல்லா வழியும் அடைபட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட எண்ணெயின் தலையில் மொத்தக் கனமும் நிற்கும். வேறு எந்தக் கொக்கியும் ஆணியும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எண்ணெய் மட்டும்தான்.

நீ நர்ஸ், ஊசி போடுகிறவள். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஏற்றி, முனையை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு பின்னாலிருந்து அழுத்திப் பார். தண்டு நகராது. அதே குழாய் பழசாகித் தேய்ந்திருந்தால், நீ விரலை எடுக்காவிட்டாலும் தண்டின் ஓரமாகத் தண்ணீர் கசிந்து பின்பக்கம் வந்துவிடும். தண்டு மெல்ல இறங்கிக்கொண்டே போகும். டிராக்டரில் அந்த ஓரக் கசிவைத் தடுக்க பிஸ்டனைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டியிருப்பார்கள். ரிங் என்போம். ரிங் கெட்டுப்போனால் எண்ணெய் அதைத் தாண்டிக் கசியும். ஆனால் என்ஜின் ஓடுகிற வரைக்கும் அது வெளியே தெரியாது. கசிந்து போகிற எண்ணெய்க்கு ஈடாக பம்பு தள்ளிக்கொண்டே இருக்கும். கைகள் லேசாகத் தலையாட்டும், அவ்வளவுதான். என்ஜினை நிறுத்தினால் பம்பும் நின்றுவிடும். அப்போதுதான் இறங்கும். யாரும் தொட வேண்டியதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். உனக்கு அப்போது பதிமூன்று வயது. இதே காஜா பெராங்கில், நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த சீன முதலாளி தவ்கேயின் பட்டறையில் நான் பெரிய பிட்டராக இருந்தேன். லாரியும் பஸ்ஸும்தான் எனக்குப் பழக்கம். டவுனுக்கு வெளியே இருந்த எஸ்டேட்டில் மாமா டிராக்டர் ஓட்டினான். லிப்ட் மெதுவாக ஏறுகிறது என்று சொல்லி அவன்தான் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். கோளாறு சின்னது. பம்புக்குள் கசடு அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினால் தீர்ந்தது. ஆனால் எனக்கு உள்ளே பார்க்க வேண்டும் என்று ஆசை. மலாக்காவில் அந்த மாதிரி லிப்டை யாரும் பிரித்ததில்லை என்று பேச்சு. நான் பிரித்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். தேவையே இல்லாமல் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை உருவி, ரிங்கைக்கூட எடுத்துத் துடைத்தேன்.

அந்த ரிங் வார்ப்பிரும்பு. பார்க்க இரும்பு, குணத்தில் கண்ணாடி. இரண்டு கையாலும் அளவாக விரித்து பிஸ்டன்மேல் நழுவ விட வேண்டும். நான் கொஞ்சம் அதிகமாக விரித்துவிட்டேன். டக்கென்று ஒரு சத்தம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கையில் இரண்டு துண்டோடு நான் நின்றேன். பாப்பா, அந்த நிமிஷம் அது ஒன்றுமே இல்லாத விஷயம். தவ்கேயிடம் போய் ஒடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார். ரிங் சிங்கப்பூரிலிருந்து வரும் வரைக்கும் டிராக்டர் பட்டறையில் நின்றிருக்கும். மெர்டேக்கா கொண்டாட்டத்துக்காக எஸ்டேட் திடலில் புல் வெட்ட வேண்டும் என்று எஸ்டேட் குமாஸ்தா கிராணி இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார். கையால் வெட்ட ஆட்களை விட்டிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். ஆனால் எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவனுக்கு நாலு வார்த்தை திட்டு பெரிதாகத் தெரிந்தது. இரண்டு துண்டையும் பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளத்தில் பொருத்தி, கிரீஸ் தடவி, பிஸ்டனை உள்ளே தள்ளி மூடினேன்.

மூடியபின் சோதித்தும் பார்த்தேன். புல்வெட்டியை மாட்டித் தூக்கிவிட்டு, என்ஜினை நிறுத்திவிட்டு, எதிர்க்கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தேன். புல்வெட்டி தரையில் உட்கார்ந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று நாளைக்கு நீகூட எனக்காகப் பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியும். இருந்த எண்ணெயை வடித்துவிட்டு அதைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றினேன். கெட்டி எண்ணெய் மெதுவாகக் கசியும். மறுநாள் காலையில், வண்டி குளிர்ந்திருந்தபோது, தூக்கியது தூக்கியபடி நின்றது. சூடேறினால் எந்த எண்ணெயும் இளகும் என்பதும் எனக்குத் தெரியும். கொண்டாட்டம் முடிந்ததும் வண்டியை வரவழைத்து ரிங்கை மாற்றிவிடலாம், நாலைந்து நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமா வண்டியை எடுக்க வந்தான். சீட்டில் ஏறி உட்கார்ந்து, லிப்டை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், இனிமே நம்பி ஓட்டலாமா?" என்று கேட்டான்.

"நம்பி ஓட்டு" என்றேன்.

புல்வெட்டிக்கு அடியில் போனால் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுப் போ என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது எல்லா டிராக்டர்காரனுக்கும் சொல்ல வேண்டிய வார்த்தைதான். ஆனால் அன்றைக்கு அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பானோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், வெயில் ஏறிய நேரம். திடல் ஓரத்தில் கிடந்த வேலிக்கம்பி புல்வெட்டியின் கத்தியில் சுற்றிக்கொண்டது. மாமா புல்வெட்டியைத் தூக்கி நிறுத்தினான். கத்தி சுழன்று கையை வெட்டிவிடக் கூடாது என்று என்ஜினை நிறுத்தினான். யோசித்துப் பார், பாப்பா. அவன் ஜாக்கிரதையாகச் செய்த காரியம் அது. பம்பு நின்றது அதனால்தான். காலையிலிருந்து ஓடி எண்ணெய் தண்ணீராக இளகியிருந்தது. அவன் குந்தி உட்கார்ந்து, வலது காலை உள்ளே நீட்டி, கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அத்தனை கனமும் காலில் இறங்கியது. அவன் அலறிய சத்தம் கேட்டு, ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. வெள்ளைக்காரத் துரை, கிராணி, மண்டோர், நான். மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தான். கைப்பிடியைத் தொடவில்லை, அது தானாக இறங்கியது என்று அவன் சொன்னதை மண்டோர் சொன்னார். துரை என்னைப் பார்த்துக் கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார்: அப்படித் தானாக இறங்குமா?

"தானா எறங்காதுங்க. கைப்பிடியத் தட்டியிருந்தாத்தான் எறங்கும்" என்றேன்.

கள்ளுக்கடைக்குப் போயிருந்தானா என்று துரை அடுத்துக் கேட்டார். மண்டோருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார்கள். வேலை நாளில் அவன் கள்ளைத் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்தேன். என் பொய் ஒரு வாக்கியம்தான். அந்த மௌனம் அதைவிட அதிக தூரம் போனது. குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டியவன் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. வேலை போனது. எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் வரவே இல்லை. நானோ டிராக்டரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, சிங்கப்பூர் ரிங் வந்ததும் மாட்டி, ஒடிந்த துண்டுகளைப் பழைய இரும்போடு போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு யார் சோதித்தாலும் லிப்ட் கல் மாதிரி நின்றது.

ஊன்றுகோலோடு அவன் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்கூட உடுப்பில் நின்றிருந்தாய். அக்கா, நான் தொடவே இல்லை, நீயாவது நம்பு என்று அவன் கேட்டான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தம்பியை நம்புவதா புருஷனை நம்புவதா என்று அவள் திண்டாடியது எனக்குத் தெரிந்தது. "மிஷின் பொய் சொல்லாது, மாப்பிள்ளே" என்றேன். அவன் திரும்பிப் போனான். அம்மா கதவைச் சாத்தினாள். சாத்தச் சொல்லி நான் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் செய்திருந்தேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம், தீபாவளி பொங்கல் எதற்கும் அவன் பேச்சு இந்த வீட்டில் எழவில்லை. உன்னிடம் நான் அவனை உதாரணமாகக் காட்டினேன். தப்புச் செய்தால் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மாமா மாதிரி ஆகிவிடுவோம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். எந்த வாயால் சொன்னேன் என்று இப்போது யோசிக்கவே கூசுகிறது.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் காலையில் செமாபோக்குக்குப் போனேன். மாமா அங்கே ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்கிறான் என்பது மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். ஒரு முக்காலியில் உட்கார்ந்து சக்கரத்துக்குக் கம்பி பூட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். அந்த மரியாதையே எனக்கு அடிவிழுந்த மாதிரி இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரிங் ஒடிந்தது, மூடியது, கோப்பி குடிக்கப் போனது, கெட்டி எண்ணெய், வராந்தாவில் தரையைப் பார்த்தது. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். திட்டுவான் என்றாவது எதிர்பார்த்தேன். அவன் அங்கே கிடந்த காற்றடிக்கும் பம்பைக் காட்டி, ரிங் எங்கே இருக்கும், எண்ணெய் எப்படித் தாண்டும் என்று மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அப்புறம் கேட்டான்.

"அப்ப கைப்பிடில என் முழங்கை படலையா, மச்சான்?"

"படல."

"பட்டுச்சுன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு மூணு வருஷம் இல்லேன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, எறங்கும்போது முழங்கை தட்டியிருக்கும்னு தோணிப்போச்சு. இப்பல்லாம் அது பட்டதே எனக்கு ஞாபகத்துல இருக்கு."

தன் வலது முழங்கையைத் தூக்கி, எப்படிப் பட்டது என்று எனக்குக் காட்டினான். நடக்காத ஒன்றை அத்தனை துல்லியமாகக் காட்டினான். காலை எடுத்தது போதாதென்று, நான் சொன்ன பொய் அவன் ஞாபகத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அவன் அழவில்லை. சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்" என்றான். நான் கிளம்பும்போது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றே அம்மாவிடம் சொன்னேன். பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அவன் வாசல்ல வந்து நின்னன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள், புடவை மாற்றிக்கொண்டாள், தனியாக பஸ் ஏறி செமாபோக்குக்குப் போனாள். திரும்பி வந்ததிலிருந்து என்னோடு பேச்சில்லை. தட்டில் சோறு வைக்கிறாள், போய்விடுகிறாள். அவளை நீ சமாதானப்படுத்த வேண்டாம். தம்பியின் முகத்தில் கதவைச் சாத்தினவள் என்று அவள் தன்னை நொந்துகொள்கிறாள். அந்தக் கதவில் என் கைதான் இருந்தது என்று மட்டும் நேரம் வரும்போது சொல்.

பழைய கிராணி வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவர் வேலையை விட்டு வருஷமாகிறது. துரை எப்போதோ சீமைக்குப் போய்விட்டார். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கிராணி கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் இப்போது யாருமே இல்லை. தெங்கேராவில் மாப்பிள்ளை வீட்டுக்கும் போனேன். பரிசம் போட்ட அன்று உன் மாமனார் தாய்மாமன் எங்கே என்று கேட்டதற்கு, அவன் குடிகாரன், ஒதுக்கி வைத்துவிட்டோம் என்று சொல்லியிருந்தேன். அதையும் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் கேட்டுக்கொண்டு, தேத்தண்ணி கொடுத்து, பெண்ணின்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். பெண்ணின்மேல் என்று அவர் அழுத்திச் சொன்னது எனக்குப் புரிந்தது. அதற்கு நான் தகுதியானவன்தான்.

புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கில்லை. இருந்தாலும் அப்பன் என்பதால் இரண்டு விஷயம். ஆஸ்பத்திரியில் மருந்து மாறினாலும் அளவு தவறினாலும், அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடு. முதல் நிமிஷத்தில் அது உன் கைக்குள் அடங்குகிற அளவுதான் இருக்கும். இன்னொன்று, நாளைக்கு உன் வீட்டுக்காரர் உன் சொந்தத்தைப் பற்றி ஏதாவது சொன்னால், விஷயம் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் நம்பிவிடாதே. போய்ப் பார், கேள். உன் அம்மா என்னை நம்பியது அவள் தப்பில்லை. ஆனால் ஒரு தடவை அவள் என்னைத் திருப்பிக் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன்.

கடைசியாக ஒன்று. நீ நர்ஸ் வேலைக்குப் போவதற்கு முந்தின வருஷம், ஜாலான் பெண்டஹாராவில் மாமா எதிரே வந்ததையும், நீ பார்க்காத மாதிரி சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டதையும் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவன் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் உனக்குக் கேட்டது என்று அப்போது சொன்னாய். நேற்று அம்மா என்னிடம் பேசிய ஒரே பேச்சு இதுதான்: பாப்பா வந்து கூப்பிட்டால் வருவேன் என்று தம்பி சொன்னான். நீ சனிக்கிழமை வருகிறாய். செமாபோக்குக்கு அம்மாவோடு போய்விட்டு வா. நான் வரவில்லை. அங்கே மன்னிப்பு என்ற பேச்சை நீ எடுக்க வேண்டாம். அது என் பாக்கி, உன்னுடையது அல்ல. காலைப் பார்க்காதே, முகத்தைப் பார். மாமா என்று கூப்பிடு. அப்படிக் கூப்பிட அவனுக்கு உன்னைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இல்லை.

அப்பா